படத்துக்கு 50, ஆளுக்கு 50

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ‘சினிமாவுக்கு எல்லாரும் மார்க் போடுகிறார்கள். டாக்குமெண்டரிக்கு மட்டும் யாருமே போடுவதில்லையே, ஏன்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். நல்லதாக ஏழெட்டுப் படம் சொல்லுங்கள். மார்க்கோடு சொன்னால் உத்தமம். இலவசமாகக் கிடைத்தால் அதைவிட உத்தமம்.’

நியாயமான கடிதம். கடைசி வரி ரொம்பவே நியாயம்.

டாக்குமெண்டரி என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்களில் 45 வயதைத் தாண்டியவர்கள் ஒரு கொட்டாவி விட்டிருப்பீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். 1948-ல் மத்திய அரசு பிலிம்ஸ் டிவிஷனை ஆரம்பித்தது. மெயின் படத்துக்கு முன்னால் அவர்கள் தரும் படத்தைப் போட்டே தீர வேண்டும் என்று தியேட்டர் லைசென்ஸிலேயே விதி. மந்திரி ரிப்பன் வெட்டுவார். அணையில் தண்ணீர் சீறும். வெள்ளத்தை யாராவது ஹெலிகாப்டரிலிருந்து கவலையுடன் பார்ப்பார்கள். பின்னணியில் ஒரு கட்டைக் குரல். நாம் முறுக்கு வாங்கக் கிளம்பிவிடுவோம். இப்படியே இரண்டு தலைமுறைக்கு டாக்குமெண்டரி என்றால் இடைவேளைக்கு முந்தைய இடைவேளை என்று ஆகிவிட்டது.

(முறுக்கு வாங்கப் போன நேரத்தில் தவறவிட்டதும் உண்டு. எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967-ல் அதே பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த ‘ஐ ஆம் 20’ஐப் பாருங்கள். 1947-ல் பிறந்தவர்களைத் தேடிப் பிடித்து, ‘எப்படிப்பா இருக்கு நாடு?’ என்று விசாரிக்கிறார். அவர்கள் சொன்ன பதில்கள் அரசாங்கப் படத்தில் எப்படி வெட்டுப்படாமல் தப்பித்தன என்று ஆச்சரியமாக இருக்கும். பிலிம்ஸ் டிவிஷனையே 2022-ல் என்.எஃப்.டி.சி.யோடு சேர்த்துவிட்டார்கள். அது வேறு கதை.)

மார்க் விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

சினிமாவில் ஹீரோ குத்துப்பட்டுச் சாகிறார். டைரக்டர் ‘கட்’ சொன்னதும் எழுந்து, ரத்தத்தைத் துடைத்துவிட்டு, காரில் ஏறி வீட்டுக்குப் போகிறார். டாக்குமெண்டரியில் அழுகிறவர் அப்படிப் போக முடியாது. அவர் வீடு அங்கேதான் இருக்கிறது. மறுநாள் பால் வாங்க வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். படம் பெர்லினில் பரிசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் அதே தெருவில், அதே முகத்தோடு மிச்ச நாளை ஓட்டியாக வேண்டும். அந்த முகத்தை ஒருத்தர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதனால் நான் இரண்டு பேப்பராகப் பிரித்துத் திருத்துகிறேன். கேமரா, எடிட்டிங், சொல்லும் விதம், தூங்காமல் பார்க்க வைக்கும் சாமர்த்தியம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50. கேமராவுக்கு முன்னால் நின்ற ஆளிடம் எடுத்தவர் எப்படி நடந்துகொண்டார், அந்தப் படத்தால் அவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கு 50.

டாக்குமெண்டரி எடுக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கொதித்துவிட்டார். ‘அநியாயம் சார். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனவன் பைக்கிலிருந்து விழுந்தா அதுக்கும் டாக்டர்தான் பொறுப்பா?’

பைக்குக்குப் பொறுப்பில்லை. வயிற்றுக்குள் கத்திரிக்கோலை வைத்துத் தைத்திருந்தால் பொறுப்புதான் என்றேன். இன்னும் சமாதானமாகவில்லை. நீங்கள் படங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதல் பேப்பர், நீளமான டாக்குமெண்டரிகளுக்கெல்லாம் மூத்ததாகச் சொல்லப்படும் ‘நானுக் ஆஃப் தி நார்த்’. 1922. எடுத்தவர் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி. அடிப்படையில் சினிமாக்காரர் இல்லை. கனடாவின் வடக்கே இரும்புத் தாது தேடிப் போனவர். கையோடு ஒரு கேமராவையும் கொண்டுபோய், ஹட்சன் விரிகுடாப் பக்கம் இருந்த இனூயிட் மக்களைப் படம் பிடித்தார். 1916-ல் டொரண்டோவில் உட்கார்ந்து எடிட் செய்துகொண்டிருந்தபோது அவர் சிகரெட்டிலிருந்து நெருப்பு விழுந்து, சுமார் 30,000 அடி நெகட்டிவ் எரிந்து போயிற்று. மனுஷன் அசரவில்லை. ரெவியோன் என்ற பிரெஞ்சு ஃபர் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு திரும்பவும் போனார். அந்த இரண்டாவது முயற்சிதான் நாம் பார்க்கும் படம்.

நூறு வருஷம் தாண்டியும் படம் அலுக்கவில்லை. வெறும் கத்தியால் பனிக்கட்டியை அறுத்து நானுக் இக்ளூ கட்டுவதையும், ஜன்னலுக்கு ஒரு கண்ணாடிப் பனிப்பாளத்தைப் பதித்து, வெளிச்சம் உள்ளே விழுவதற்குப் பக்கத்தில் இன்னொரு பனிக்கட்டியைச் சாய்த்து வைப்பதையும் பாருங்கள். இன்ஜினீயரிங் காலேஜ்களில் போட்டுக் காட்டலாம்.

இனிமேல்தான் வில்லங்கம். நானுக்கின் பெயர் நானுக் இல்லை. அல்லாகரியால்லாக். வாயில் நுழையவில்லை என்று துருவக் கரடி என்று அர்த்தம் வரும் பெயரை வைத்துவிட்டார் டைரக்டர். நானுக்கின் மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. அந்தக் காலத்திலேயே அவர்கள் துப்பாக்கியால் வேட்டையாடத் தொடங்கிவிட்டார்கள்; படத்துக்காக ஈட்டியைத் தூக்கச் சொன்னார். கிராமபோன் தட்டை அதிசயமாகக் கடித்துப் பார்க்கிறாரே, அது அவருக்குத் தெரிந்த சாமான்தான். இக்ளூவுக்குள் கேமராவுக்கு இருட்டாக இருந்ததால் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்தக் குளிரில் குடும்பத்தையே படுத்துத் தூங்குவதாக நடிக்கச் சொன்னார்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். டாக்குமெண்டரி என்ற சொல்லே 1926-ல்தான் சினிமாவுக்கு வந்தது, அதுவும் இதே ஃப்ளாஹெர்ட்டியின் அடுத்த படத்துக்கு ஜான் கிரியர்ஸன் எழுதிய விமர்சனத்தில். விதிமுறையே இல்லாத காலத்தில் ஆடியவரிடம் நோ-பால் என்று கத்த முடியாது. தவிர, எடுத்ததை எடுத்த இடத்திலேயே கழுவி, அந்த மக்களுக்குப் போட்டுக் காட்டினார். அவர்களும் கேமராவைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார்கள். இரண்டாவது பேப்பரில் அவர் வாங்கும் 8 மார்க் இதற்குத்தான்.

மிச்சம் 42 எங்கே போயிற்று? படத்தில் நைலா என்ற பெயரில் சிரித்த முகத்தோடு வருகிற பெண்ணை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஹெர்ட்டி பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய சில மாதங்களில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் ஃப்ளாஹெர்ட்டி. படம் நியூயார்க்கில் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அல்லாகரியால்லாக் படம் வந்த கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனார். வேட்டைக்குப் போய்ப் பட்டினியால் செத்தார் என்று ஃப்ளாஹெர்ட்டி சொன்னார். காச நோய் போலிருக்கிறது, வீட்டில்தான் இறந்தார் என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். சாவில்கூட ஒரு ஸீன் சேர்த்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

பையனின் பெயர் ஜோஸஃபி. அப்பாவைப் பார்த்ததில்லை. 1953-லிருந்து கனடா அரசாங்கம் அந்த ஊர் இனூயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, சுமார் 2,000 கிலோ மீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது. ‘அங்கே வேட்டை நிறையக் கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடலாம்’ என்றார்கள். போய் இறங்கிய இடத்தில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராது. திரும்ப வரவும் விடவில்லை. ஆளில்லாத தீவுகள் கனடாவுடையதுதான் என்று உலகத்துக்குக் காட்ட எங்களைக் கொடிக்கம்பமாக நட்டார்கள் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். 1955-ல் அங்கே அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஜோஸஃபியின் குடும்பமும் ஒன்று. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2010-ல். 55 வருஷம் கழித்து.

உலகத்துக்கே இனூயிட் வாழ்க்கையைக் காட்டிய மனிதரின் சொந்தப் பிள்ளையையும் பேரப்பிள்ளைகளையும் அப்படிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உலகத்துக்கு நானுக் தெரியும். இவர்களைத் தெரியாது.

ஆனால் பேத்தி விடவில்லை. ஜோஸஃபியின் மகள் மார்த்தா ஃப்ளாஹெர்ட்டிக்குக் கப்பலேறும்போது ஐந்து வயது. அவர் தன் கதையைத் தானே சொல்ல, மார்க்கீஸ் லெபாஜ் என்ற பெண் இயக்குநர் 2009-ல் ‘மார்த்தா ஆஃப் தி நார்த்’ எடுத்தார். தலைப்பே பதில்தான். படம் தாத்தாவின் படம் மாதிரி அழகில்லை. சாதாரணமாக, டி.வி. நிகழ்ச்சி மாதிரிதான் இருக்கிறது. மார்த்தா பேசுகிறார், கேமரா கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள் என்பது என் சிபாரிசு. சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள், நடுவில் சாப்பிடத் தோன்றாது.

நானுக்: 46 + 8 = 54. மார்த்தா: 33 + 46 = 79. பேத்தி 25 மார்க் முந்திவிட்டார்.

நடித்துக் காட்டினாலே பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதற்கு எரால் மாரிஸ் எடுத்த ‘தி தின் ப்ளூ லைன்’ (1988) பார்க்க வேண்டும். மாரிஸ் கொஞ்ச காலம் தனியார் துப்பறிவாளராக வேலை பார்த்தவர். டெக்ஸஸ் மாநிலத்தில், மரண தண்டனை வழக்குகளில் போய்ச் சாட்சி சொல்லும் ஒரு மனநல டாக்டரைப் பற்றிப் படம் எடுக்கப் போனார். அதற்காகக் கைதிகளைச் சந்தித்தபோது ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவர் மாட்டினார். டல்லாஸில் 1976-ல் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றதாகத் தண்டனை. மின்சார நாற்காலியோ ஊசியோ, ஏதோ ஒன்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, பிறகு ஆயுள் தண்டனை ஆயிற்று. ‘நான் செய்யவில்லை’ என்றார் ஆடம்ஸ். சிறையில் எல்லாரும் சொல்வதுதான். மாரிஸ் மட்டும் ஃபைலை வாங்கிப் படித்துப் பார்த்தார்.

படத்தில் அந்த இரவு திரும்பத் திரும்ப நடித்துக் காட்டப்படுகிறது. ஒவ்வொரு சாட்சியும் சொன்னபடி ஒரு தடவை. ஒரு தடவை காரில் ஒருத்தர் இருக்கிறார், ஒரு தடவை இரண்டு பேர். பெண் போலீஸின் கையிலிருந்த மில்க் ஷேக் ஸ்லோ மோஷனில் பறந்து போய் விழுகிறது, எத்தனை தூரத்தில் விழுந்தது என்பதே ஒரு சாட்சியம். ஃபிலிப் கிளாஸின் இசை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாலாவது தடவை பார்க்கும்போது உங்களுக்கே புரிந்துவிடும், இந்தச் சாட்சிகள் பார்த்ததைச் சொல்லவில்லை என்று. ஃப்ளாஹெர்ட்டி நடிக்க வைத்தது நாம் நம்புவதற்கு. மாரிஸ் நடிக்க வைத்தது நாம் நம்பாமல் இருப்பதற்கு.

கடைசியில் சுடப்பட்டபோது 16 வயதாயிருந்த, ஆடம்ஸைக் காட்டிக்கொடுத்த அந்தப் பையன், இப்போது வேறு கொலைக்காகச் சிறையில் இருந்துகொண்டு பேசுகிறான். அன்றைக்குக் கேமரா ரிப்பேர். அதனால் திரையில் ஒரு சின்ன டேப் ரிக்கார்டர் மட்டும் சுற்றுகிறது. ஆடம்ஸ் நிரபராதி என்று தனக்கு எப்படித் தெரியும் என்கிறான். சினிமாவில் இத்தனை சாதாரணமான ஒரு சாமானை இத்தனை பயத்தோடு நான் பார்த்ததில்லை.

1989-ல் ஆடம்ஸ் விடுதலை. 12 வருஷம் உள்ளே இருந்ததற்கு டெக்ஸஸ் ஒரு பைசா நஷ்ட ஈடு தரவில்லை. படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன்கூட இல்லை. ஒரு மனிதனை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவந்த படத்துக்கு 50-க்கு 50 போட வேண்டியதுதானே? போட்டிருப்பேன். வெளியே வந்த ஆடம்ஸ் செய்த காரியங்களில் ஒன்று மாரிஸ் மேல் வழக்குப் போட்டது. தன் கதையின் உரிமையை எழுதிக்கொடுத்திருந்தார், அதைத் திருப்பிக் கேட்டார். பணம்கூடக் கேட்கவில்லை, கதையைத்தான் கேட்டார். கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்து, உரிமை அவருக்கே வந்தது. ‘நன்றி கெட்டவன்’ என்று நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 12 வருஷம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்த ஆளுக்கு அந்தக் கதையை விட்டால் வேறென்ன சொத்து? கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்திருக்கலாம். 49 + 42 = 91.

மார்கன் ஸ்பர்லாக்கின் ‘சூப்பர் சைஸ் மீ’ (2004) ஞாபகம் இருக்கிறதா? 30 நாள் மூன்று வேளையும் மெக்டொனால்ட்ஸ் மட்டுமே சாப்பிட்டு 11 கிலோ ஏறிய படம். பார்க்க ஜாலி. டாக்டர் அவர் ஈரலைப் பார்த்து அலறும் காட்சி, பார்த்த யாரும் மறக்கவில்லை. 2017-ல் ஸ்பர்லாக்கே ஒரு அறிக்கை விட்டார். 13 வயதிலிருந்து குடிக்கிறேன், 30 வருஷத்தில் ஒரு வாரத்துக்கு மேல் குடிக்காமல் இருந்ததில்லை என்று. அப்புறம் அந்த ஈரல் யார் கணக்கில் வரும்? 2024-ல் அவரும் போய்விட்டார். இங்கே கேமராவுக்கு முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் ஒருவரே என்பதால் இரண்டாவது பேப்பரை நம் சார்பில் திருத்துகிறேன். 38 + 10 = 48. ஃபெயில் இல்லை, கிரேஸ் மார்க்கும் இல்லை.

இந்தோனேஷியா பக்கம் போவோம். 1965-66-ல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி அங்கே ஐந்து முதல் பத்து லட்சம் பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கு. கொன்றவர்கள் அதே ஊரில் பெரிய மனிதர்களாக இருக்கிறார்கள். ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ (2012) அவர்களையே நடித்துக் காட்டச் சொன்ன படம். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நான் சிபாரிசு செய்வது அடுத்து வந்த ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ (2014). ஆதி என்பவர் கண்ணாடி விற்கிறவர். அவர் பிறப்பதற்கு முன்பே அண்ணனைக் கொன்றுவிட்டார்கள். ஆதி, கொலைகாரர்களின் வீட்டுக்கே போகிறார். அவர்கள் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவாகத் தெரிகிறதா?’ என்று கேட்டுக்கொண்டே அந்த நாளைப் பற்றி விசாரிக்கிறார். குரல் உயரவே இல்லை. ஒரு வீட்டில் கொன்றவரின் மகள் விஷயத்தை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள்.

இரண்டாவது பேப்பரில் ஏன் அள்ளிக்கொடுக்கிறேன் என்றால், படம் எடுக்கும்போதே தப்பித்து ஓடத் தனி வண்டி தயாராக இருந்தது. படம் வெளியாவதற்கு முன்பே ஆதியின் குடும்பத்தை நாட்டின் வேறொரு மூலைக்குக் குடி மாற்றினார்கள். கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் பலரின் பெயருக்குப் பதில் டைட்டிலில் ‘பெயரிலி’, ‘பெயரிலி’ என்று வரிசையாக ஓடுகிறது. டைட்டில் கார்டு பார்த்து வயிற்றைப் பிசைந்த படம் எனக்கு இது ஒன்றுதான். 48 + 47 = 95. இந்தப் பட்டியலில் முதல் ரேங்க்.

‘எல்லாம் கொலை, ஜெயில் என்றே போகிறதே, கண்ணுக்கு இதமாக எதுவும் இல்லையா?’ இருக்கிறது. சத்யஜித் ரே எடுத்த ‘பாலா’ (1976). நம்ம பாலசரஸ்வதியைப் பற்றி, நம்ம தமிழ்நாடு அரசும் சேர்ந்து செலவு செய்து எடுத்த படம். அரை மணி நேரம். சின்ன வயதில் கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்த ரே, நாற்பது வருஷம் கழித்துப் படமெடுக்க வருகிறார். அப்போது பாலாவுக்கு 58 வயது.

சங்கடத்தோடு சொல்கிறேன், முதல் பேப்பரில் ரேவுக்கு மார்க் குறைகிறது. ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வுக்கு அபிநயம் பிடிக்க பாலாவைக் கடற்கரையில் நிறுத்திவிட்டார். காற்றோ காற்று. புடவையும் முந்தானையும் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. கண்ணும் விரலும் பேச வேண்டிய இடத்தில் கடல் அலை வந்து நடுவில் பேசுகிறது. நாலு சுவருக்குள், ஒரு பாய், ஒரு விளக்கு போதுமே. ஆனாலும் கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை. பாலா ஆடி அசையும் படமாக நமக்கு மிஞ்சியிருப்பது ரொம்பக் கொஞ்சம். இதுவும் இல்லாவிட்டால் பெரியவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக் கண்ணை மூடிக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். கடைசியில் அந்த வர்ணத்தில் ரே அடக்கமாக ஒதுங்கி நின்று அவரை ஆட விடுகிறார். 27 + 43 = 70.

ரேவின் நாட்டிலேயே இன்னொரு பிடிவாதக்காரர், ஆனந்த் பட்வர்தன். மும்பை நடைபாதைவாசிகளின் குடிசைகளை நகராட்சி இடித்ததைப் பற்றி அவர் 1985-ல் எடுத்த ‘பாம்பே அவர் சிட்டி’யில் ஒரு பெண் வருகிறார். வீடு போய்விட்டது. சாமான்கள் தெருவில். கேமராவைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டு பிடிபிடியென்று பிடிக்கிறார். ஏழைகளைப் படம் பிடித்துக்கொண்டு போய் நீங்கள் பேர் வாங்குவீர்கள், எங்களுக்கு என்ன ஆகும் என்கிற தொனியில். எந்த டைரக்டரும் எடிட்டிங் டேபிளில் முதல் வேலையாக வெட்டி எறியும் ஷாட் அது. பட்வர்தன் படத்தில் வைத்திருக்கிறார். பின்னணி இசை, சமாதானக் குரல் எதுவும் கிடையாது. நான் எந்த இரண்டாவது பேப்பரைத் திருத்திக்கொண்டிருக்கிறேனோ அதை அந்தம்மா அன்றைக்கே திருத்திவிட்டார்.

அவர் சொன்னபடியே படத்துக்குத் தேசிய விருது வந்தது. பேர் வந்தது. 1986-ல் கஃப் பரேட் பக்கம் சஞ்சய் காந்தி நகர் என்ற குடிசைப் பகுதியை இடித்தபோது பட்வர்தன் போய் அந்த மக்களோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நடிகை ஷபானா ஆஸ்மியும் உட்கார்ந்தார். மாற்று இடம் தர அரசு இறங்கி வந்தது. கேமரா செய்ய முடியாததை வயிறு செய்தது.

அந்தப் படத்தில் பாடும் விலாஸ் கோக்ரே என்ற தலித் பாடகர் 1997-ல் தூக்கு மாட்டிக்கொண்டார். மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்துக் கூடியவர்கள் மேல் போலீஸ் சுட்டு 10 பேர் இறந்த சில நாட்களில். பட்வர்தன் அங்கே ஆரம்பித்து 14 வருஷம் எடுத்த படம் ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011). மூன்று மணி நேரம். ‘அய்யோ’ என்காதீர்கள், படம் முழுக்கப் பாட்டு. நம் கானா, பறை பழகிய காதுக்கு மராத்தி புரியாவிட்டாலும் தாளம் புரியும். தன் படத்தில் பாடியவர் ஏன் செத்தார் என்று 14 வருஷம் தேடுகிற டைரக்டருக்கு நான் என்ன மார்க் போடுவது? 44 + 50. முழு ஐம்பது இவர் ஒருவருக்குத்தான். கூட்டினால் 94, ஒரு மார்க்கில் ரேங்க் போயிற்று. முதல் பேப்பரில் கொஞ்சம் கத்திரி போட்டிருக்கலாம் சார்.

மதுரை வாசகிக்கு இப்போது மதுரைப் படம். ஆர்.பி. அமுதனின் ‘பீ’ (2003). தலைப்பைப் பார்த்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அரை மணி நேரம்கூட இல்லை. கோயில் பக்கத்துத் தெருவில் ஊரார் இருந்துவிட்டுப் போனதை அள்ளிச் சுத்தம் செய்யும் ஒரு பெண்மணியின் பின்னாலேயே கேமரா போகிறது. அவர் வாரிக்கொண்டே பேசுகிறார், திட்டுகிறார், சிரிக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வசதி நமக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை என்பது ஐந்தாவது நிமிஷத்தில் உறைத்துவிடும். 36 + 42 = 78.

இதன் தொடர்ச்சி மாதிரி, திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017). மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளக் கூடாது என்று 1993-ல் ஒரு சட்டம், போதாமல் 2013-ல் இன்னொரு சட்டம். இரண்டுக்கும் பிறகும் யார் அள்ளுகிறார்கள், குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் வீட்டில் என்ன நிலைமை என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கிறார். படம் நீளம். ஒரே மாதிரி அழுகை திரும்பத் திரும்ப வருகிறது, வெட்டியிருக்கலாமே என்று தோன்றும். எந்த வீட்டு அழுகையை வெட்டுவது என்று யோசித்துப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. பல ஊர்களில் திரையிடப் போலீஸ் அனுமதிக்கவில்லை. யூ டியூபில் போட்டுவிட்டார். இயக்குநர் மேலேயே வழக்கு, கைது, மிரட்டல் எல்லாம் வந்தன. 34 + 46 = 80. இதுவும் இலவசம் அம்மா.

கடைசியாக ஒன்று. ஏ.கே. செட்டியார் என்ற கோட்டையூர்க்காரர், ‘குமரி மலர்’ ஆசிரியர், காந்தியைப் பற்றி ஒரு முழுநீள டாக்குமெண்டரி எடுத்தார். 1937-ல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து போகும் கப்பலில் தோன்றிய யோசனையாம், அதுவும் அக்டோபர் 2-ம் தேதி. ஹாலிவுட்காரர்களுக்கே தோன்றாதது. யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ காந்தியைப் படம் பிடித்து வைத்திருந்த துண்டுகளைத் தேடி உலகம் முழுக்க அலைந்தார். சுமார் 50,000 அடி சேர்ந்தது. தமிழ் விளக்கவுரையோடு 1940-ல் படம் வெளியானது. வெள்ளைக்காரன் ஆட்சி, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். இத்தனையும் செய்துவிட்டு மனிதர் தன்னை எங்கேயும் முன்னால் நிறுத்திக்கொள்ளவில்லை.

பின்னால் 1953-ல் ஹாலிவுட்டில் செய்த ஆங்கில வடிவம் கிடைத்திருக்கிறது. அந்தத் தமிழ்ப் படம் முழுசாக நம் கையில் இல்லை. பார்க்காத படத்துக்கு மார்க் போட முடியாது, அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். காரைக்குடிப் பக்கத்து வாசகர்கள் யார் வீட்டுப் பரணிலாவது வட்டமான பழைய தகர டப்பாக்கள் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்தக் காலத்து ஃபிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.